கேட்டைத் தாண்டிய வண்டி

“அந்த வண்டியத் திருப்பிக் கூப்பிடுங்க சார்.”

சொல்லிவிட்டாள். காற்றடிக்கும் மிஷினைத் தவிரப் பட்டறையில் எல்லாச் சத்தமும் நின்றது. கதவொன்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த பெயிண்டர் கையை எடுக்காமல் தலையை மட்டும் தூக்கினார். மூலையில் நின்ற வண்டியின் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து கிடந்தார் அவள் அப்பா. வெளியே நீட்டியிருந்த அவருடைய கால்கள் இரண்டும் அப்படியே அசைவில்லாமல் நின்றன.

அவள் இங்கே சேர்ந்த அன்றைக்கு அப்பா சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். “என்ன வேணா கேளு பாப்பா. லீவு கேளு. சம்பளம் ஏத்திக் கேளு. நாற்காலி ஆடுது, வேற குடுன்னு கேளு. கேட்டைத் தாண்டின வண்டியத் திருப்பிக் கூப்பிடுன்னு மட்டும் கேக்காத.”

அதற்கு ஒரு கதை இருந்தது. முன்பு ஒரு மெக்கானிக், பிரேக் போல்ட்டைச் சரியாக முறுக்கினோமா என்ற சந்தேகத்தில் வண்டிக்காரரைக் கூப்பிட்டுத் திரும்ப வரச் சொல்லிவிட்டார். வண்டிக்காரரும் வந்தார். மச்சான், மாமன், பக்கத்து வீட்டுக்காரன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்தார், நன்றி சொல்வதற்கு அல்ல. ஆபீஸ் கண்ணாடி அன்றைக்குத்தான் உடைந்தது. மெக்கானிக்கின் வேலையும் அன்றைக்கே போனது. அதிலிருந்து இதுதான் சட்டம். கோளாறு என்று வண்டி தானாகத் திரும்பி வந்தால் பார்த்துக் கொடுப்போம். நாமாகக் கூப்பிட மாட்டோம். கூப்பிட்டால், தப்பு எங்களுடையது என்று நாமே மைக் வைத்து ஊருக்குச் சொன்ன மாதிரி.

முதலாளி பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். குடைந்து முடித்து, மூடியைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அவளைப் பார்த்தார்.

“எந்த வண்டி டிகிரி?”

டிகிரி என்பது அவளுக்குப் பட்டறை வைத்த பெயர். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அந்தக் கதையை அப்பா காண்கிறவரிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அது கேலிப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. எலக்ட்ரானிக்ஸ் படித்ததற்குக் கிடைத்தது, அப்பா வயர் பிடிக்கிற இடத்திலேயே, வண்டியின் கோளாறைக் காட்டுகிற ஸ்கேனரைப் பிடிக்கிற வேலை. வேறு ஏதாவது கிடைக்கிற வரைக்கும் என்று சேர்ந்தாள். வேறு ஏதாவது எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

“ஆஸ்பத்திரி டிரைவர் வண்டி சார். காலைல எடுத்துட்டுப் போனாரே.”

“அதுக்கென்ன?”

“பகல் லைட்டுக்குப் பக்கத்துல ஒரு ரெசிஸ்டர் கட்டியிருக்கு. அது தீப்பிடிக்கும்.”

“பிடிச்சிருச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப பிடிச்சதும் வந்து சொல்லு.”

பெயிண்டர் சிரித்தார். முதலாளியின் ஜோக்குக்குச் சிரிப்பது அவர் வேலையில் பாதி.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளியின் மேஜை மேல் கையிலிருந்ததை வைத்தாள். பொன்னிற அலுமினியக் கூட்டுக்குள் அடங்கிய, விரல் நீளச் சாமான். பொன்னிறம் போய்க் கறுத்திருந்தது. அதோடு சேர்ந்து, உருகி வழிந்து மறுபடி இறுகிய கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று பல்லில் ஒட்டிய மிட்டாய் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

அது, போன வாரம் இங்கே பகல் லைட் மாற்றிக்கொண்டு போன தையற்கடைக்காரம்மாவின் வண்டியிலிருந்து வந்தது. வைப்பர் தண்ணீர் பீய்ச்சவில்லை என்று சற்று முன்புதான் அந்த அம்மா வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். தண்ணீர் டேங்க் ஒழுகுகிறதா என்று பார்க்க இவள் பானெட்டைத் திறந்து குனிந்தாள். ஒழுகத்தான் செய்தது. டேங்கின் ஓரம் உருகி ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டைக்கு ஒட்டினாற்போல இந்த ரெசிஸ்டர். அதைச் சுற்றியிருந்த வயர்களின் தோல் வெந்து, உள்ளே செம்பு பல்லிளித்தது. டேங்கிலிருந்து ஒழுகிய தண்ணீர்தான் அந்த வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது. இல்லையென்றால் தையற்கடைக்காரம்மா வைப்பருக்கு ஆள் தேடி வந்திருக்க மாட்டார்.

விஷயம் இவ்வளவுதான். எஞ்சின் ஓடும்போதெல்லாம், நல்ல வெயிலிலும், வண்டியின் முன்னால் எரிகிற சின்ன விளக்குகளைத்தான் பட்டறையில் பகல் லைட் என்பார்கள். பழைய பல்பு மஞ்சளாக அழுது வடியும். அதைக் கழற்றி எல்இடி போட்டால் பளீரென்று வெள்ளையாக இருக்கும். இப்போது ஆளாளுக்கு அது வேண்டும். ஆனால் எல்இடி தின்கிற கரண்ட் மிகக் கொஞ்சம். வண்டியின் மூளை, இவ்வளவு குறைவாகத் தின்றால் பல்பு செத்துவிட்டது என்று முடிவுகட்டி, டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும். அதை ஏமாற்றத்தான் ரெசிஸ்டர். பழைய பல்பு தின்ற கரண்டை இது சும்மா தின்றுகொண்டிருக்கும். தின்றது வெளிச்சமாகாது, முழுக்கச் சூடாகும்.

அப்பா வருஷக்கணக்காக இன்டிகேட்டர்களுக்கு எல்இடி மாற்றியவர். அங்கேயும் ரெசிஸ்டர் உண்டு. அதைக் கையில் அகப்பட்ட வயர்க்கட்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் டேக் போட்டு இழுத்துக் கட்டிவிடுவார். ஒன்றும் ஆனதில்லை. ஏனென்றால் இன்டிகேட்டர் மினுக்கி மினுக்கி எரியும், திருப்பம் முடிந்ததும் அணைந்துவிடும். சூடேறுவதற்குள் ஓய்வு கிடைத்துவிடும். பகல் லைட் அப்படி இல்லை. எஞ்சின் நிற்கிறவரை ஓயாது. அதற்கான ரெசிஸ்டரை இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்க வேண்டும், சூடு இரும்பில் இறங்கிப் போவதற்கு. அப்பா இன்டிகேட்டருக்குக் கட்டிப் பழகிய கையாலேயே இரண்டு வண்டியிலும் இதையும் கட்டியிருக்கிறார். ஸ்கேனரைச் சொருகி, எச்சரிக்கை விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்த்து, சரி என்று சொன்னவள் அவள். டேஷ்போர்டைப் பார்த்தாளே தவிர, பானெட்டுக்குள் குனிந்து பார்க்கவில்லை.

“சார், இது ஒரு வாரம் கடைக்கும் வீட்டுக்குமா ஓடின வண்டி,” என்றாள். “அதுக்கே இந்தக் கதி. அவரு நாள் பூரா ஓட்டுறவரு. மலை ரோட்டுல ஏறுறவரு. பின்னாடி உக்காந்திருக்கிறது யாரு தெரியுமா? டயாலிசிஸ் பண்ணிட்டு வர்றவங்க. அதுல ஒருத்தருக்குக் கால் கிடையாது. தூக்கித்தான் ஏத்தணும், தூக்கித்தான் இறக்கணும். பானெட்டுல தீ வந்தா அவரை யாரு தூக்குவா?”

“வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?”

“தீயணைக்கிற வண்டியா வரும் வாயில?”

இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான் அம்மா அவளுக்குக் கத்திரிக்கோல் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

முதலாளி கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம். போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேஜை மேல் அந்தக் கறுத்த சாமானுக்குப் பக்கத்திலேயே வைத்தார். “கேட்டுக்கோ. உன் காதாலயே கேட்டுக்கோ.”

இரண்டாவது ரிங் முடிவதற்குள் ஆஸ்பத்திரி டிரைவர் எடுத்துவிட்டார்.

“சொல்லுங்கண்ணே.”

“தம்பி, லைட்டு எப்படி இருக்கு?”

“அமோகம்ணே. கேட்டுல இருக்கிற வாட்ச்மேனே, என்ன மாப்பிள்ளை, வண்டி பல்லு விளக்கிருச்சான்னு கேக்குறாரு.”

முதலாளி அவளைப் பார்த்து ஒற்றைப் புருவத்தைத் தூக்கினார்.

“இப்ப எங்க இருக்க?”

“ஆஸ்பத்திரி வாசல்லதான். உள்ள அவங்களை மிஷின்ல போட்டிருக்காங்க. முடிச்சிட்டு வரும்போது அவங்களுக்குக் குளிரும் வெயிலும் ரெண்டும் ஆகாது, வண்டிக்குள்ள பதமா இருக்கணும். அதான் ஏசியப் போட்டு எஞ்சினை ஓட விட்டுக்கிட்டே நிக்குறேன்.”

ஓடுகிற வண்டிக்காவது முகத்தில் காற்று அடிக்கும். எஞ்சினை ஓடவிட்டு நிற்கிற வண்டியில் பகல் லைட் எரியும், ரெசிஸ்டர் வேகும், ஒரு பொட்டுக் காற்றும் கிடையாது.

“ஒண்ணே ஒண்ணுண்ணே,” என்றார் டிரைவர். “லேசா ஒரு வாடை வருது. சூடான பிளாஸ்டிக் மாதிரி. ஏசியிலேர்ந்து வருதோ என்னமோ.”

முதலாளியின் பார்வை மேஜை மேலிருந்த உருகிய துண்டில் ஒரு முறை விழுந்தது. விழுந்ததை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“புதுச் சாமான் தம்பி. ரெண்டு நாளைக்கு அப்படித்தான் வாடை வரும். அப்புறம் போயிடும்.”

“அண்ணே, எஞ்சினை நிறுத்துங்க,” என்று அவள் மேஜை மேல் சாய்ந்து கத்தினாள். “நிறுத்திட்டு பானெட்டைத்...”

முதலாளியின் கட்டைவிரல் முந்திக்கொண்டது. போன் இருட்டானது. அவர் அதைச் சட்டைப்பையில் போட்டு, பைக்கு மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார், நெஞ்சுவலிக்காரர் மாதிரி.

“நம்பரைக் குடுங்க சார்.”

“எதுக்கு?”

“நானே பேசுறேன். நீங்க கூப்பிட்ட மாதிரியே இருக்காது.”

“கஸ்டமர் நம்பர் ஆபீஸ் சொத்து.”

அவள் தன் போனில் ஆஸ்பத்திரி நம்பரைத் தேடிப் பிடித்தாள். ஒரு பெண் குரல், டாக்டருக்கு ஒன்றை அமுக்கு, ரத்தப் பரிசோதனைக்கு இரண்டை அமுக்கு என்றது. எல்லாவற்றையும் அமுக்கினாள். கடைசியில் ஒரு உயிருள்ள ஆள் கிடைத்தார். வாசலில் நிற்கிற ஒரு வண்டி தீப்பிடிக்கப் போகிறது என்றாள். “பிடிச்சிருக்கா, பிடிக்கப் போகுதா?” என்று கேட்டார் அந்த ஆள். பிடிக்கப் போகிறது என்றாள். “பார்க்கிங் எங்க பொறுப்பு இல்லம்மா, செக்யூரிட்டிக்குப் போடறேன், லைன்ல இருங்க.” லைனில் இருந்தாள். பியானோ வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டாள். டாக்டருக்கு ஒன்றை அமுக்கு.

“முடிச்சிட்டியா?” என்றார் முதலாளி. “இப்ப நான் சொல்றதைக் கேளு. ஒண்ணைக் கூப்பிட்டா எல்லாத்தையும் கூப்பிடணும். எல்லாரும் வந்து நின்னு, இதை மாட்டின புண்ணியவான் யாருன்னு கேப்பாங்க. நான் யாரைக் காட்டட்டும்? சொல்லு. கூப்பிடவா? போன் பையிலதான் இருக்கு.”

அவர் மூலையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அப்பா வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து நின்றிருந்தார். டார்ச்சை அணைக்க மறந்திருந்தார். அது அவர் காலடியில் ஒரு வட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.

“கரண்டு,” என்று முதலாளி அவரைக் கூப்பிட்டார். அது அப்பாவின் பட்டறைப் பெயர். “உன் பொண்ணை வெளியில கூட்டிட்டுப் போய்த் தண்ணி குடுத்துப் பேசு. பட்டம் வாங்கினது உள்ளுக்குள்ள சூடேறிப் போச்சு.”

“கயிறு கையில இருக்கும்போதே இழுத்துப் பிடி கரண்டு,” என்றார் பெயிண்டர். அதற்கு யாரும் சிரிக்காததால் மறுபடி கதவைத் தேய்க்கத் தொடங்கினார்.

பட்டறைக்குப் பின்னால் செத்த பேட்டரிகள் அடுக்கிய சந்து. சுவர் ஓரமாகத் தண்ணீர்க் குழாய். அப்பா குழாயைத் திறந்தார், குடிக்கவில்லை, மூடினார்.

“விட்டுரு பாப்பா.”

“எதை விடச் சொல்றீங்க?”

“அவரு பாத்துப்பாரு.”

“யாரு? வாடை போயிடும்னு சொன்னாரே, அவரா?”

“அந்தத் தம்பி ஒண்ணும் சின்னப் பிள்ளை இல்ல. புகை வந்தா நிறுத்திப் பாக்க மாட்டானா?”

“மலையில, வளைவுல, மூடுபனியில நிறுத்திப் பாப்பாரு. அதுக்குள்ள பின்னாடி இருக்கிறவரைக் கதவைத் திறந்து நடந்து போகச் சொல்லுவாரா?”

அப்பா பேட்டரி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சின்னதாகிவிட்டார். “எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. சிவப்பு வயரையும் ஊதா வயரையும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுத்தான் பாக்குறேன். அவருக்கு அது தெரியும். தெரிஞ்சும் வெச்சிருக்காரு. இங்கேர்ந்து போனா வேற எவன் என்னைச் சேத்துப்பான்? உங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? எல்லாப் பட்டறையிலயும் சொல்லிருவாரு. வண்டிய எரிச்சவன்னு பேரு வந்தா அப்புறம் நான் ஒரு டார்ச் பல்பு மாட்ட முடியாது பாப்பா.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். வலது கையின் இரண்டு விரல்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. நேற்றுச் சாயங்காலம் வீட்டிலும் பார்த்தாள். சால்டரிங் கம்பி சுட்டுவிட்டது என்றார். அம்மா திட்டிக்கொண்டே மருந்து தேடினாள், இவர் வேண்டாம் என்று டேப்பைச் சுற்றிக்கொண்டார்.

இந்த வாரம் பட்டறையில் சால்டரிங் கம்பி கிடையாது. அது உடைந்துபோய் அலமாரியில் கிடக்கிறது. புதுசு வாங்கித் தாருங்கள் என்று முதலாளியிடம் கேட்டவளே அவள்தான்.

அவள் கையை நீட்டி டேப்பின் முனையைப் பிடித்து உரித்தாள். அவர் தடுக்கவில்லை. இரண்டு விரலிலும் ஒரே நேரான கோடாகக் கொப்புளம். ரெசிஸ்டரின் விளிம்பு எப்படி இருக்குமோ அப்படி.

“எப்ப தொட்டீங்க?”

அவர் கொப்புளத்தை மறைக்க விரல்களை மடக்கினார்.

“அப்பா, எப்ப தொட்டீங்க?”

“நேத்து. டிரையல் ஓட்டிப் பாத்தப்ப வாடை வந்துச்சு. ஓரமா நிறுத்தி, பானெட்டைத் தூக்கிக் கையை வெச்சுப் பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“மூடிட்டேன்.”

முதலாளி பொய் சொன்னது பெரிய விஷயமாகத் தெரியவில்லை இப்போது. அவர் அப்படித்தான், அவர் முகத்திலேயே அது எழுதியிருக்கிறது. ஆனால் இந்த ஆள், இவள் பரீட்சைக்குப் போகும்போது கால்குலேட்டர் பேட்டரியைத் தானே நாக்கில் வைத்துப் பார்த்து, கரண்ட் இருக்கிறது என்று நிச்சயப்படுத்திக் கொடுத்தனுப்பிய ஆள், கையைச் சுட்டுக்கொண்டு, பானெட்டை மூடி, காலையில் அந்த டிரைவரிடம் சாவியைக் கொடுத்திருக்கிறார். சிரித்துக்கொண்டே கொடுத்தார். பக்கத்தில் நின்று அவளும் சிரித்தாள்.

“போல்ட்டு போடலாம்னா அப்பவே சாயங்காலம் ஆயிடுச்சு,” என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. “பம்பரைக் கழட்டணும். கழட்டினா ஏன்னு கேப்பாரு. முதல்லயே ஏன் ஒழுங்கா பண்ணலன்னு கேப்பாரு. தையற்கடைக்காரம்மா வண்டி, அதுக்கு முன்னாடி ரெண்டு வண்டி, எல்லாம் வெளிய வரும். ஒரு நாள் ஓடட்டும், ஏதாவது சாக்கு சொல்லி நானே வரச் சொல்லலாம்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன் பாப்பா.”

“இப்ப எங்கூட வாங்க. ரெண்டு பேரும் போவோம். வயரை வெட்டிட்டு வந்துருவோம். பத்து நிமிஷ வேலை.”

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை, வெறுமனே ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். எழுந்திருக்கவில்லை.

அவள் காத்திருந்தாள். வாசலில் நின்று மெல்ல வெந்துகொண்டிருக்கும் அந்த வண்டி கண்ணுக்குள்ளேயே நின்றது. மிஷினிலிருந்து ஒருவர் இறங்கியிருப்பார். கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, நடக்கத் தெம்பில்லாமல், யாராவது தாங்கிப் பிடிக்க. கால் இல்லாதவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். எல்லோரும் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட் போட்டு. அவர்களுக்குப் பதமாக இருக்கட்டும் என்றுதான் எஞ்சின் ஓடுகிறது.

அப்பாவின் மேல்பையில் கட்டிங் பிளேயரின் சிவப்புப் பிடி தெரிந்தது. “அதைக் குடுங்க.”

அவருடைய கை எழுந்து பையைப் பொத்திக்கொண்டது. சற்று முன் முதலாளி போனைப் பொத்திக்கொண்ட அதே மாதிரி.

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

உள்ளே வந்து தன் மேஜைக்குப் போனாள். ஆடுகிற நாற்காலியில் தொங்கிய பையை எடுத்தாள். ஸ்கேனரின் வயரைச் சுருட்டி மேஜை மேல் வைத்தாள். பொது டிராயரைத் திறந்து, துருப்பிடித்த கட்டர் ஒன்றையும் பாதி தீர்ந்த இன்சுலேஷன் டேப்பையும் பைக்குள் போட்டாள். ரெசிஸ்டருக்குப் போகிற வயரை வெட்டி, முனைகளில் டேப் சுற்றினால் போதும். டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அவ்வளவுதான். அந்த ஒரு விளக்கு எரியக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும்.

“கட்டர் பட்டறைச் சாமான்,” என்றார் முதலாளி.

“சம்பளத்துல கழிச்சுக்குங்க.”

“எங்க போறன்னு எனக்குத் தெரியும். போனா உங்கப்பனையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிரு.”

“கூப்பிட்டுப் பாத்தேன். வரல.”

பெயிண்டர் தேய்ப்பதை நிறுத்தினார். பின்வாசலில் அப்பா வந்து நின்றார். டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. “பாப்பா,” என்றார். டேப் இல்லாத விரல்களைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

அவரிடம் போய் உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை.

“இந்தப் படி இறங்கினா அப்புறம் வந்து நிக்காத,” என்றார் முதலாளி, இப்போது கொஞ்சம் உரக்க. “ஆள் விட்டுக் கூப்பிடுவேன்னு மட்டும் நெனைக்காத.”

“தெரியும் சார். கேட்டைத் தாண்டினா நீங்க யாரையும் கூப்பிட மாட்டீங்க.”

வெளியே வெயில் அடித்தது. ரோட்டில் போன வண்டிகளில் பாதிக்கு முன்னால் பகல் லைட் எரிந்துகொண்டிருந்தது, மஞ்சளும் வெள்ளையுமாக. வெள்ளை ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் எதை எதோடு கட்டியிருக்கிறார்களோ. ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ் நிறுத்தத்தில் நின்றது, கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு.

டிரைவர் முதலில் கேட்கப் போவது அவளுக்குத் தெரியும். யாரு மாட்டினது இதை, என்று கேட்பார். கெட்ட வார்த்தையும் சேர்த்துக் கேட்பார். பஸ்ஸில் போகும்போது யோசித்துக்கொள்ளலாம் என்று இல்லை, பேட்டரிச் சந்திலேயே அதற்குப் பதில் முடிவாகிவிட்டது. எங்கப்பா, என்று சொல்வாள். சரியா இருக்குன்னு சொன்னது நான், என்று சொல்வாள். அதைச் சொல்வதற்கு முன் எஞ்சினை நிறுத்தச் சொல்வாள்.

கேட்டைத் தாண்டினாள். பஸ் நகரத் தொடங்கியது. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.